வசனம் எடுத்துக் கொடுத்தவர்

மாடிக்கு நான் குடிபோன அன்று, கீழே குடியிருந்த வீட்டுச் சொந்தக்கார அம்மா போட்ட நிபந்தனை ஒன்றுதான். தண்ணீர் மோட்டாரைப் பற்றிக்கூட அவ்வளவு கறாராகப் பேசவில்லை. "கீழ வந்தா வாசல்ல நின்னு, மாடி வீட்டு டீச்சர் வந்திருக்கேன்னு சத்தமாச் சொல்லிட்டுத்தான் உள்ள வரணும். சும்மா வந்து பூனை மாதிரி நிக்கக் கூடாது" என்றார். நான் தலையை ஆட்டினேன். நாள் முழுக்க வகுப்பில் கத்திவிட்டு வருகிற எனக்கு, வீட்டு வாசலில் இன்னொரு தடவை கத்துவதில் என்ன வந்துவிடப் போகிறது. ஆனாலும் சாமான்களை மாடிக்கு ஏற்றும்போது, நல்ல கிறுக்குப் பிடித்த வீட்டில் வந்து மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன்.

காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் அப்போது எனக்கு இங்கிலீஷ் டீச்சர் வேலை. சொந்த ஊர் தேவகோட்டைதான். பக்கத்து ஊர்தானே, தினமும் பஸ்ஸில் போய் வரலாமே என்று எல்லாரும் கேட்டார்கள். சிங்கப்பூரில் இருக்கிற வீட்டுக்காரரைப் பற்றி அம்மா தினமும் கேட்கிற கேள்விக்குத் தினமும் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் தனியாக வந்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த அம்மா மட்டும் வந்த ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்ததைக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

அவர் டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ட்ரங்க் கால் போட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்துக் கிடந்த காலத்து ஆபரேட்டர். மெலிந்த உடம்பு, நீண்ட கை, எப்போதும் கொஞ்சம் சாய்த்தே வைத்திருக்கிற தலை. காதில் ஹெட்போன் இல்லாவிட்டாலும் இருப்பது மாதிரியே ஒரு பாவனை. ஊரில் பாதிப் பேருடைய சங்கதி அந்தக் காது வழியாகப் போயிருக்கிறது. வாய் வழியாக ஒன்றும் வெளியே வந்ததில்லை. நான் துருவித் துருவிக் கேட்டு வாங்கியது ஒரே ஒரு கதைதான், அதிலும் ஆள் யார் என்று கடைசி வரை சொல்லவில்லை.

மலேயாவிலிருந்து ஒரு வீட்டுக்காரர் பேசியிருக்கிறார். இந்தப் பக்கம் அவருடைய பெண்சாதி. ரொம்ப வருடம் கழித்துக் குரலைக் கேட்டதும் அந்தப் பெண்ணுக்கு வாயே திறக்கவில்லை. அழுகிறாள், அதுவும் சத்தம் வராமல். அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ" என்று மனிதர் தவிக்கிறார். நேரம் ஓடுகிறது. அந்த அம்மா குறுக்கே புகுந்து, "லைன் சரியில்ல சார். அவுக பேசுறது எனக்குக் கேக்குது, நான் சொல்றேன். நல்லாருக்காகளாம். பிள்ளைகள் நல்லாப் படிக்குதாம். உடம்பப் பாத்துக்கச் சொல்றாக" என்று அடுக்கியிருக்கிறார். அந்தப் பெண் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"பிள்ளைகள் படிக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"படிக்காமயா இருக்கும்? இல்லாட்டியும் அந்த நேரத்துல அதச் சொல்லவா முடியும்?"

இதுதான் அந்த அம்மா. யாராவது பேச்சு வராமல் நின்றுவிட்டால் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்த இடத்தில் அவருடைய வார்த்தையை வைத்து அடைத்துவிடுவார். அதனால் எத்தனையோ பேருடைய மானம் தப்பியிருக்கும். எனக்கு ஒரு தடவை பற்றிக்கொண்டு வந்தது.

என் அம்மா தேவகோட்டையிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்தார். கீழ் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். "மாப்பிள்ளை பேசினாரா?" என்று வழக்கம் போல அம்மா கேட்டார். அன்றைக்கு எனக்கு அலுத்துவிட்டது. பேசி மாதக் கணக்காகிறது, இனிமேல் பேசுவார் என்ற நம்பிக்கையும் இல்லை என்று சொல்லிவிட்டு, அம்மா மடியில் படுத்து ஒரு மூச்சு அழுதுவிடலாம் என்றிருந்தேன். வாயைத் திறந்தேன். வார்த்தை வரச் சுணங்கியது. அவ்வளவுதான்.

"நேத்துக்கூடப் பேசினாகளே. நான்தான் மாடியில துணி எடுக்கப் போனேன், இது சிரிச்சுச் சிரிச்சுப் பேசிக்கிட்டு நிக்கிது" என்றார் அந்த அம்மா. என் அம்மாவுடைய முகம் மலர்ந்துவிட்டது. காபியைக் குடித்து முடித்தேன்.

அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு நேராக அவரிடம் வந்து சண்டை போட்டேன். "எங்கம்மாகிட்ட அழக்கூட விடமாட்டீகளா பெரியம்மா? உங்கள யாரு கேட்டா?"

அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அழுகுறதுக்கு என்னத்தா, என்னைக்கு வேணாலும் அழுதுக்கலாம். அவுக பாவம், வயசான காலத்துல பஸ்ஸேறி வந்திருக்காக" என்றார். கோபம் தணியவில்லை. சாப்பாடு அனுப்பினார், வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். மறுநாள் பசித்தபோது நானே இறங்கிப் போய், "மாடி வீட்டு டீச்சர் வந்திருக்கேன்" என்று வாசலில் நின்று கத்தினேன்.

அந்த வீட்டு டிவிக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகன் வாங்கி அனுப்பிய பெரிய டிவி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் கீழே போனால், அதில் கறுப்பு வெள்ளையில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் டிவி வந்த புதிதில், வாரத்துக்கு ஒன்றாகக் கொலைக் கதைகளை நாடகமாகப் போட்டிருக்கிறார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அதையெல்லாம் தேடிப் பிடித்து யூடியூபில் ஏற்றி வைத்திருக்கிறான். படம் பனி மூட்டத்தில் எடுத்தது மாதிரி இருக்கும். நடு நடுவே ஒருவர் தோன்றி கைக்கடிகாரம் விற்பார். பயமுறுத்துகிற இடம் வந்தால் ஆர்கன் வாத்தியம் ஒன்று அடிவயிற்றிலிருந்து உறுமும்.

அந்த நாடகங்களை அப்போது பதிவு செய்து வெட்டி ஒட்டிப் போடுகிற வசதி கிடையாது. ஸ்டூடியோவில் நடிக்க நடிக்க, அதே நிமிடம் வீடுகளில் தெரியும். ஆள் தும்மினால் தும்மல் தெரியும். செத்துக் கிடக்கிறவன் மூச்சு விட்டால் அதுவும் தெரியும். நிறுத்து, இன்னொரு தடவை எடுப்போம் என்று சொல்ல ஆளில்லை. தொடங்கினால் முடிக்க வேண்டியதுதான். இதை நான்தான் எங்கோ படித்துவிட்டு அவரிடம் சொன்னேன். "அப்பிடியா?" என்று கேட்டு, டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கதை பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஒரு நாள் பார்த்தது இன்னும் மனதில் அப்படியே இருக்கிறது. கடிகாரம் ரிப்பேர் பார்க்கிற ஒரு கிழவன். கடையில் கூட்டாளியாக இருந்தவனைக் கொன்று நிலவறையில் போட்டுவிட்டான். போலீஸ்காரர் வந்து விசாரிக்கிறார். கிழவனுடைய பெண்சாதி மூலையில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை எங்கே இருந்தீர்கள் என்று போலீஸ்காரர் கேட்கிறார். கிழவன் வாயைத் திறக்கிறான். ஒன்றும் வரவில்லை. கண் மட்டும் அங்குமிங்கும் அலைகிறது.

கொலைகாரனுக்குப் பயம் வந்துவிட்டது, என்னமாய் நடிக்கிறான் என்றேன்.

"இல்லத்தா. வசனத்த மறந்துட்டான்" என்றார் அந்த அம்மா.

போலீஸ்காரராக நடிப்பவரும் கொஞ்சம் வெலவெலத்துப் போனது தெரிந்தது. அப்போது மூலையிலிருந்த அந்தப் பெண், தலையைக்கூடத் தூக்காமல், "தங்கச்சியைப் பார்க்க ரயிலேறிப் போனீர்களே, அது செவ்வாய்க்கிழமைதானே?" என்றாள். கிழவன் பற்றிக்கொண்டான். "ஆமாம், தங்கச்சி வீட்டுக்குத்தான் போனேன்" என்று ஆரம்பித்தவன் கடகடவென்று போய்விட்டான். நாடகம் நடந்தது.

அந்த அம்மா ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினார். மறுபடி பார்த்தார். மறுபடியும் ஓட்டினார். எனக்கோ, கிழவன் பிடிபட்டானா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும். "மேல போட விடுங்க பெரியம்மா" என்றேன். அவர் கேட்கவில்லை.

"அவ கையப் பாரு. அவன் திணறுறான், இவ ஊசி நிக்கல பாத்தியா?"

"பாத்தேன்."

"அவ வசனத்தையும் படிச்சு, அவன் வசனத்தையும் படிச்சு வச்சிருக்கணும். இல்லாட்டி இப்பிடி வராது. ரெண்டு பேரு பாடு." ரிமோட்டை மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "அவளுக்கு எவ்வளவு அலுப்பா இருந்திருக்கும், என்ன?"

கிழவன் பிடிபட்டானா என்று எனக்கு இன்று வரை தெரியாது.

அவருடைய வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். அவரைப் பற்றி யாரும் ஒன்றும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதுதானே அந்த அம்மாவின் பாடு. அவர் சாக்கோட்டைக்கு அங்குட்டு ஒரு கிராமத்தின் அம்பலகாரர். அப்பாவுக்குப் பிறகு மகன் என்று வருகிற ஊர்த் தலைமை. வாட்டசாட்டமான ஆள், வெள்ளை மீசை, துவைத்து மடித்த துண்டு. கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் வாசலில் கத்தியதும், "வாங்க டீச்சர், பள்ளிக்கூடம் விட்டாச்சா?" என்று கேட்பார். எவ்வளவு மரியாதையான மனிதர் என்று நினைப்பேன்.

ஒரு நாள் அவர்களுடைய சம்பந்தி புதுவயலிலிருந்து வந்தார். அந்த அம்மா வாசலிலேயே அவரை நிறுத்தி, "அடடே, புதுவயல் சம்மந்தியா? வாங்க வாங்க. மகன் வீட்டுப் பேத்திக்குக் காதுகுத்துன்னு பத்திரிகை வைக்க வந்தீகளா?" என்று தெருக்கோடி வரை கேட்கிற மாதிரிச் சொன்னார். உள்ளேயிருந்து அம்பலகாரர், "வாங்க சம்மந்தி. பேத்திக்குக் காதுகுத்தா? ரொம்பச் சந்தோசம்" என்றார். அரை மணி நேரம் பேசினார்கள். அம்பலகாரர் எங்கே தடுமாறினாலும், சமையலறையிலிருந்து அந்த அம்மா ஏதாவது கேட்டார். கேள்வியிலேயே பதில் இருந்தது. வந்தவருக்குத் துளிச் சந்தேகமில்லை. வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்த அம்பலகாரர், நாற்காலியில் உட்கார்ந்து, "நல்ல மனுசன். யாரு அவுக?" என்று கேட்டார்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வாசலில் நின்று பேரைச் சொல்லச் சொன்னது எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சமையலறையில் கிரைண்டர் மேல் கையை ஊன்றிக்கொண்டு அந்த அம்மா சொன்னார். மதுரையில் காட்டியாயிற்று. மூளை சுருங்குகிறது என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மகனுக்குத் தெரியும், கோயம்புத்தூருக்கு வந்துவிடுங்கள் என்று போனிலேயே அழுகிறான். ஊரில் யாருக்கும் தெரியாது. புரவி எடுப்புத் திருவிழா வருகிறது. அது முடிகிற வரை தெரியவும் கூடாது.

"ஏன் பெரியம்மா, நோய்தானே? சொன்னா என்ன?"

"அந்த ஒரு நாளைக்காகத்தான் ஆத்தா இவரு இன்னும் மீசையச் சீவிக்கிறாரு. புத்தி பேதலிச்சவருன்னு ஊரு சொல்லிருச்சுன்னா, அதுக்கப்புறம் அந்த நாக்காலியில உக்காந்திருக்கிறது யாரு? இந்த ஒரு தடவ அங்குன நின்னு கூப்பிட்டுட்டாருன்னா போதும். அம்பலமாவே அவரக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

ஊரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மண்பாண்டம் வனைகிற வேளார் செய்து கொடுக்கிற மண் குதிரைகளை ஊர்ப் பொட்டலிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு போய் அய்யனார் கோயிலில் வைப்பதுதான் புரவி எடுப்பு. அந்த ஊரில் ஐந்து கரை. கரை என்றால் ஒரு பங்காளிக் கூட்டம். கரைக்கு ஒரு குதிரை. அம்பலகாரர் வாயால் கரையின் பெயர் வந்த பிறகுதான் அந்தக் குதிரையைத் தோளில் ஏற்றலாம். மேலவீடு, நடுவீடு, பனையடி, வடக்குவீடு, புதுவீடு. இந்த வரிசை மாறக் கூடாது. எழுதி வைத்துப் படிக்கவும் கூடாது, பக்கத்தில் நின்று யாரும் சொல்லிக் கொடுக்கவும் கூடாது. அவருடைய அப்பா காலத்தில் பனையடிக்கு முன்னால் வடக்குவீடு என்று வாய் தவறி வந்துவிட்டதாம். குதிரைகள் வெயிலில் நிற்க, அடிதடியில் ஆட்கள் ஆஸ்பத்திரியில் படுத்தார்களாம். அவ்வளவு ரோசம் பிடித்த ஊர்.

அதிலும் பெண்கள் அந்த வட்டத்துக்குள் வர முடியாது. மாவிளக்கை வைத்துக்கொண்டு பொட்டலின் மறுபக்கம் நிற்க வேண்டும். இவ்வளவு காலம் பக்கத்தில் இருந்தே எடுத்துக் கொடுத்த அந்த அம்மா, அன்றைக்கு அவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்.

யோசனை அவருடையதுதான். அம்பலகாரர் தலைப்பாகை கட்டுவார், தலைப்பாகை காதை மூடும். காதில் செருகுகிற சின்ன புளூடூத் ஒன்றை என்னை வாங்கி வரச் சொன்னார். இவர் பெண்கள் பக்கம் நின்று போனில் சொல்வார், அவர் மடியில் செருகிய போன் வழியாக அதைக் கேட்டு வாய்விட்டுக் கூப்பிடுவார். "இத்தன வருசம் ஊருக்கே லைன் போட்டுக் குடுத்தேன். எங்க வீட்டுக்காரருக்குப் போட மாட்டேனா?" என்றார். அன்று அவர் சிரித்தது மாதிரி நான் பார்த்ததில்லை.

கூடத்தில் ஒத்திகை நடந்தது. அந்த அம்மா சமையலறையில் போனோடு நிற்பார். நான்தான் ஐந்து கரையும். நாற்காலியைக் குதிரையாக வைத்துக்கொள்வோம். சில நாள் ஐந்தும் சரியாக வந்தது. சில நாள் அம்பலகாரர் காதிலிருப்பதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "எவடி இவ, காதுக்குள்ள பேசுறது?" என்று கத்துவார். அந்த அம்மா போய்த் தேடி எடுத்து, முந்தானையில் துடைத்து, "ஒண்ணுமில்ல, நான்தான். இன்னொருக்கச் சொல்லுவோமா?" என்பார். மறுபடி முதலிலிருந்து. நான் அலுத்துப் போய் மாடிக்கு வந்த பிறகும் கீழே மேலவீடு, நடுவீடு என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்த நாட்களில் அந்த அம்மாவுடைய கன்னம் ஒட்டிப்போய்விட்டது. நின்ற இடத்தில் கண் செருகும். கேட்டால், "ஒண்ணும் இல்ல" என்பார். ஒரு நாளும் கண் கலங்கிப் பார்த்ததில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

புரவி எடுப்பு அன்று நானும் போனேன். பொட்டலில் சரியான வெயில். மண் குதிரைகளுக்குப் புது வேட்டி கட்டி மாலை போட்டு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். குதிரைக்குக் குதிரை ஆட்கள் தோளில் துண்டை மடித்துப் போட்டுத் தயாராக நின்றார்கள். மேளம் காதைக் கிழித்தது. நடுவில் அம்பலகாரர், தலைப்பாகையும் மாலையுமாக, பார்க்க ராஜா மாதிரிதான் இருந்தார். எங்களுக்கு மறுபக்கம் இடம். அந்த அம்மா முந்தானையைத் தலையில் போட்டு, அதற்குள் போனை வைத்துக்கொண்டு என்னோடு ஒட்டி நின்றார். லைன் கிடைத்துவிட்டது. மேளம் நின்றது. ஊரே வாயைப் பொத்தியது மாதிரி அடங்கியது.

"மேலவீடு" என்றார் அந்த அம்மா, முந்தானைக்குள்.

அம்பலகாரர் பேசாமல் நின்றார்.

"மேலவீடு. சொல்லுங்க, மேலவீடு."

முந்தானையை விலக்கிப் போனைப் பார்த்தேன். லைன் போயிருந்தது. ஊர்க்கூட்டம் முழுக்கப் போனைத் தூக்கிப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தது, சிக்னல் எங்கே இருக்கும். அவர் கையில் இருந்தபடியே மறுபடி போட்டேன். போகவில்லை. அந்த அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. செத்துப்போன போனுக்குள், "மேலவீடு, மேலவீடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அங்கே அம்பலகாரர் குதிரைகளைப் பார்க்கிறார், ஆட்களைப் பார்க்கிறார். வாய் திறந்திருக்கிறது. கண் அலைகிறது.

அப்போது மேலவீட்டுக் கரையின் பெரியவர் கையைத் தூக்கினார். "அம்பலம் கூப்பிட்டுட்டாரப்பா. மேலவீடு, தூக்குங்க" என்றார்.

மேளம் இடித்தது. மேலவீட்டுக் குதிரை தோளில் ஏறியது. அது நகர்ந்ததும் நடுவீட்டில் ஒருவர், "நம்மளக் கூப்பிட்டாச்சு, பிடிங்கப்பா" என்றார். அடுத்து பனையடி. அடுத்து வடக்குவீடு. கடைசியாகப் புதுவீடு. ஒருவர் முந்தவில்லை. நான் கேட்கவில்லையே என்று ஒரு வாய் சொல்லவில்லை. வரிசைக்காக மண்டையை உடைத்துக்கொள்கிற ஊர், அம்பலகாரர் சொல்லாத வார்த்தையை ஐந்து தடவை கேட்டது. ஒவ்வொரு குதிரை எழும்பும்போதும் அவர் தலையை ஆட்டினார். கடைசிக் குதிரை போகும்போது மீசையைத் தடவிக்கொண்டார்.

கூட்டம் குதிரைகளின் பின்னால் போனது. அம்பலகாரரைப் பந்தலுக்குக் கீழே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மேலவீட்டுப் பெரியவர் மட்டும் தங்கி எங்கள் பக்கம் வந்தார்.

"ஒண்ணும் வெசனப்படாதீக ஆத்தா. எங்களுக்கு ரெண்டு வருசமாத் தெரியும். போன எடுப்புக்குக் குதிரை செய்ய வேளாருக்குப் பிடிமண்ணு குடுக்கையிலயே, நீ யாருப்பான்னு என்னயவே கேட்டாரு. அஞ்சு கரையும் உக்காந்து அன்னைக்கே பேசிட்டோம். அவுகளா வெளியச் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் காட்டிக்கிறக் கூடாதுன்னு முடிவு. இருக்கிற வரைக்கும் அவருதான் எங்களுக்கு அம்பலம்."

அந்த அம்மா போனைப் பார்த்தார். பிறகு பெரியவரைப் பார்த்தார். முகத்தில் நிம்மதி என்று சொல்லும்படி ஒன்றும் வரவில்லை.

"நல்லதுதான் செஞ்சீக" என்றார் மெதுவாக. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல. ரெண்டு வருசமா நான் அழுகக்கூட இல்லையே."

அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் வந்தது அழுகை. அப்படியொரு அழுகையை நான் கேட்டதில்லை. நல்ல நாளும் அதுவுமாக அழக்கூடாது என்று ஒருத்தி தடுக்க வந்தாள். ஒரு வயசான அம்மா, "விடுடி, அழுகட்டும்" என்று அவளைத் தள்ளிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டார். ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில், தலைவிரி கோலமாக இல்லையே தவிர, அது இழவு விழுந்த கேத வீடு மாதிரியே ஆகிவிட்டது.

அம்பலகாரருக்குத் தண்ணீர் கொடுக்கலாம் என்று நான் பந்தலுக்குப் போனேன். அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, யாரு வீட்டுல கேதம்?"

எடுத்துக் கொடுக்க யாரும் பக்கத்தில் இல்லை.

"தெரிஞ்சவுக வீடுதாய்யா" என்றேன்.

"அப்ப போயித் தலையக் காட்டிட்டு வரணும்ல" என்று எழுந்தார். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். தலைப்பாகையை அவிழ்த்தார். அந்தப் புளூடூத் கீழே விழுந்தது, அவர் கவனிக்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்து போய், பெண்களுக்குக் கொஞ்சம் தள்ளி, அந்த அம்மாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டார். கேதம் கேட்கப் போகிற ஆண்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

அழுகை நின்றுவிட்டது. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்தார். கேத வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அது அவருக்கு மறக்கவில்லை. யாரையும் பார்க்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்பி நடந்தார்.